மேஜைக்கு அடியில் அம்மையப்பன்

முதலில் தெரிவது கால்கள்தாம். துபாயின் அல் கூஸ் பகுதியில் உள்ள கிடங்கின் நடுவே ஒரு நீண்ட மேஜை கிடக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் செருப்பு இருக்கும், மற்றதில் இருக்காது. பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டியின்மேல் மல்லாந்து படுத்து, சின்ன டார்ச் ஒன்றை வாயில் கடித்தபடி, மேஜையின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார் அம்மையப்பன். வாடிக்கையாளர் யாராவது தெரியாமல் காலை மிதித்துவிட்டுப் பதறினால், டார்ச்சைக் கடித்த வாயிலிருந்து "நோ பிராப்ளம்" என்று குழறலாக ஒரு பதில் வரும். ஆள் வெளியே வரமாட்டார்.

எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் அவர் அதன் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். முதலில் அடி, பிறகு முதுகு, பிறகு இழுப்பறையை உருவி அதற்குள் மூக்கை விட்டு ஒரு மோப்பம். "மொகத்துக்கு எவன் வேணும்னாலும் பவுடர் அடிக்கலாம்ணே. அடியில எவனும் அடிக்க மாட்டான். அங்கதான் செஞ்சவன் உக்காந்திருப்பான்" என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான் கொல்லைப்பக்கம் போய் நின்றீர்களா என்று கேட்டால், கோபப்படாமல் சிரிப்பார். மானாமதுரைப் பக்கத்து ஆள். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். குட்டையான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கைகள். பேச்சில் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

கிடங்கின் முதலாளி செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். துபாயில் அவருக்கு இரண்டு தொழில். ஒன்று கட்டடக் கான்ட்ராக்ட், அது சோறு போடுகிறது. மற்றது இந்தப் பழைய சாமான் கிடங்கு, அது அவருடைய ஆசை. இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் ஏலம்போகும் மரச்சாமான்களை வாங்கிக் கண்டெய்னரில் இறக்குவார். அவற்றிலும் ஓக் மரத்தில் செய்த மிகப் பழைய சாமான்கள் என்றால் அவருக்கு உயிர். முந்நூறு, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பெயர் தெரியாத ஏதோ ஒரு தச்சன் செய்த முக்காலிகள், பெட்டகங்கள், நெடிய விருந்து மேஜைகள். பளபளப்பு இருக்காது, வளைவு நெளிவு இருக்காது. கனமாக, கறுப்பாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக நிற்கும். கண்ணாடிக் கோபுரங்களுக்குக் குடிவருகிற பணக்காரர்கள் ஏனோ அவற்றைத் தேடி வந்து வாங்கிப்போகிறார்கள்.

அம்மையப்பன் இங்கே வந்தது மரவேலை தெரியும் என்பதற்காக அல்ல. முதலாளியின் கான்ட்ராக்ட் கம்பெனியில் அவர் ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையில் அச்சுக் கட்டுவார். கான்கிரீட் இறுகியதும் அதே அச்சைப் பிரித்து எறிவார். இந்த வாரம் அடித்த ஆணியை அடுத்த வாரம் பிடுங்க வேண்டும். வருஷக்கணக்காக இதைச் செய்தவர், தாம் கட்டிய ஒன்றுகூட இன்று இந்த ஊரில் நிற்கவில்லை என்று ஒருநாள் கணக்குப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, வெயிலில் வெந்து, பொழுதுசாய அதே பஸ்ஸில் திரும்புகிற பிழைப்பு.

கண்டெய்னரின் மரக்கூடுகளை உடைக்க ஆள் பற்றவில்லை என்று ஒருநாள் அவரை இங்கே அனுப்பினார்கள். ஒரு முக்காலிக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொன்னார் முதலாளி. அம்மையப்பன் ஆணி பிடுங்கும் சுத்தியலோடு உட்கார்ந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். பிடுங்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மொதலாளி, இதுல ஆணியே மாஃபி, ஒண்ணுகூட இல்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் கிடங்கே திரும்பிப் பார்த்ததாம்.

ஒரு கட்டையின் நுனியை நாக்குப்போலச் செதுக்கியிருக்கிறான் செய்த தச்சன். இன்னொரு கட்டையில் அதே அளவுக்குத் துளை. நாக்கைத் துளைக்குள் செலுத்தி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு மரமுளையை அடித்து இறுக்கியிருக்கிறான். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. முளை காய்ந்த மரம். சட்டம் ஈரம் வற்றாத பச்சை மரம். பச்சை காயக் காயச் சுருங்கி முளையைக் கவ்விக்கொள்ளும். கவ்வியது முந்நூறு வருஷமாக விடவில்லை. சுருங்கிய சட்டத்துக்கு வெளியே முளையின் தலை மட்டும் ஒரு நூல் அளவு எட்டிப் பார்க்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். அன்று அந்தத் தலையைத் தடவியவர், சாயங்காலம் பஸ் வந்து ஹார்ன் அடித்தபோது ஏற மறுத்துவிட்டார்.

"நான் இங்கயே ஒரு மூலைல கெடக்கேன் மொதலாளி. சைட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பாதீக."

முதலாளி யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் கம்பெனி ஆள் கம்பெனி ஆள்தான், வேண்டும்போது திரும்பக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றும் சொல்லி வைத்தார். அந்த வார்த்தை அம்மையப்பனின் தலைக்குமேல் ஒரு விட்டம்போல எப்போதும் இருக்கிறது.

செத்துப்போன அந்த இங்கிலீஷ்காரத் தச்சர்களை அவர் செத்தவர்களாக நினைப்பதே இல்லை. எல்லாரும் பக்கத்து பெஞ்சில் வேலை செய்கிறவர்கள். பெயர் தெரியாததால் "அந்த ஆளு" என்று பொதுப்பெயர். ஒரு பெட்டகத்தின் உள்பக்கத்தில் வாச்சி செதுக்கிய தடங்கள் எல்லாம் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தன. அதைக் கண்டதும், "இவன் நொட்டாங்கைக்காரன். பொண்டாட்டிகிட்ட எம்புட்டுத் திட்டு வாங்கியிருப்பானோ" என்றார். இன்னொரு இழுப்பறையின் அடிப்பலகை கோணல்மாணலாக இருந்தது. அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வியாழக்கெழம சாயங்காலம் செஞ்சிருக்கான். ரூமுக்குப் போற அவசரம்." அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை லீவு கிடையாது என்று சொன்னால் ஏற்கமாட்டார். "அப்ப எப்ப லீவோ, அதுக்கு மொத நாளு" என்று முடித்துவிடுவார்.

நல்ல வேலையைக் கண்டால் குரல் இறங்கிவிடும். ஓக் மரத்தை நெஞ்சிலிருந்து வெளிப்பக்கமாக, ஆரம் ஆரமாகப் பிளந்தால் பலகையில் வெள்ளி வெள்ளியாய் வரிகள் விழும், மீன் செதில்போல. அப்படிப் பிளந்த பலகை எந்தக் காலத்திலும் கோணாது. மரம் நிறைய வீணாகும், ஆனாலும் அப்படித்தான் பிளந்திருக்கிறார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து அந்த வரிகளைப் பார்த்தபடி, "இதுக்கு ஒரு டிசைன் எதுக்குங்க? மரமே போட்டுக் குடுத்துருக்கு" என்பார். மேஜைக் கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டங்களில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எத்தனையோ பேர் சாப்பிட உட்கார்ந்து, கால்தூக்கி வைத்து வைத்துத் தேய்ந்த பள்ளம் அது. காட்டிய கையோடு தம் காலையும் தூக்கி அங்கே வைத்துக்கொள்வார். மேஜையின் விலை என்ன என்பது பாவம் அந்தக் காலுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம் 'தோல்'. பலகையின் மேற்பரப்பை அவர் அப்படித்தான் சொல்வார். பளபளப்பு பூசி வருவதல்ல அது. கை பட்டு, மெழுகு பட்டு, புகை பட்டு, துடைத்துத் துடைத்துத் தலைமுறை தலைமுறையாக ஏறிய நிறம். விளிம்பு ஓரம் கறுப்பு, நடுவில் தேன். ஒருமுறை இழைப்புளியோ உப்புத்தாளோ பட்டால் போயிற்று, மறுபடி வர இன்னொரு முந்நூறு வருஷம் வேண்டும். இந்தத் தோலுக்கு அவர் போலீஸ்காரர். பாலிஷ் வேலை செய்யும் வாணியம்பாடி கௌஸ் முகம்மது தெரியாத்தனமாக ஒருமுறை டீக் கிளாஸை ஒரு மேஜையின்மேல் வைத்துவிட்டார். அம்மையப்பன் கிளாஸைத் தூக்கி டீயைத் தாமே குடித்துவிட்டு, வட்டமாய்ப் பதிந்த ஆவியைப் பனியனைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து கௌஸ் முகம்மது கிளாஸைக் கையைவிட்டு இறக்குவதே இல்லை. "நம்ம அம்மையப்பன் பாய் இருக்காரே, பிள்ளயத் தரையில போட்டாக்கூட ஒண்ணும் சொல்லமாட்டாரு. கிளாஸ வச்சா கொல பண்ணிடுவாரு" என்று வருகிறவர்களிடம் முறையிடுவார்.

இத்தனை பேசுகிறவர் ஏமாந்ததே இல்லையா என்றால், உண்டு. கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியை ஒரு வாரம் தலையில் வைத்துக் கொண்டாடினார். பிறகு அடியில் படுத்தபோது, பலகையில் வட்ட வட்டமாக மெஷின் ரம்பத்தின் தடம் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஏது மெஷின்? பின்னால் எவனோ செய்த நகல் அது. நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அது விற்றுப்போகும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. விற்ற அன்று, "போயிட்டானா அந்தப் பொய்யன்?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் அவர் மனைவி கனகா வீடு கட்டுகிறார். போன் கார்டு தேய்த்துக் கூப்பிட்டால், நலம் விசாரிக்குமுன்பே கதவுநிலை விசாரணை ஆரம்பித்துவிடும். ஆணி அடிக்காதே, முளை அடி, முளையின் தலையை வெட்டாமல் விடு என்று ஆசாரிக்கு உத்தரவு போகும். "வெளிநாடு போனவுக எல்லாம் டைல்ஸ் போடச் சொல்றாக. நீங்க என்னடான்னா குச்சிய நீட்டிக்கிட்டு நிக்க விடச் சொல்றீக. தலவாசல்ல சேல மாட்டிக் கிழியுதுன்னு ஊரே சிரிக்குது" என்று கனகா சலித்துக்கொண்டார். அம்மையப்பன் அசரவில்லை. சேலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

இவ்வளவு தோல் காத்த மனிதர்தான் 2006-இல் ஆயுத பூஜை அன்று அந்தக் காரியத்தைச் செய்தார்.

கிடங்கில் அப்போது ஒரு பெட்டகம் நின்றது. முகப்பில் மூன்று பலகை, ஒவ்வொன்றிலும் வளைவு செதுக்கிய வேலைப்பாடு. மூடியைத் திறந்தால் உள்ளே ஓரமாக மெழுகுவர்த்தி வைக்க ஒரு சின்ன அறை. பிருந்தா என்ற டாக்டரம்மா, கோயம்புத்தூர்க்காரர், குடும்பத்தோடு பர்துபாயில் இருப்பவர், ஏதோ அலமாரி பார்க்க வந்தவர், இதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். அந்த ஒரு காரியத்திலேயே அம்மையப்பனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"மதுரைல மகால் கட்டுன காலத்துல செஞ்ச பொட்டிம்மா இது. மேல கைய வச்சு அழுத்துங்க. பாருங்க, கிரீச்சுன்னு ஒரு சத்தம் வருதா? வராது."

"வீட்ல இருக்கற சோபா ஒரு வருஷத்துல கிரீச்சுங்குதுண்ணா" என்றார் பிருந்தா. பெட்டகத்தைத் தனக்கென்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குடிபோகவிருந்த புது வீட்டில் பெயின்ட் காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பூஜை போட்டார்கள். மற்ற வருஷங்களில் பெஞ்சின்மேல்தான் கருவிகளை அடுக்குவது வழக்கம். இந்த வருஷம் அம்மையப்பனுக்கு ஓர் ஆசை வந்தது. கிடங்கிலேயே நல்ல வேலை எதுவோ அதன்மேல் வைத்துக் கும்பிட வேண்டும். அந்த ஆளின் கைவேலைக்கு முன்னால் நம் உளியும் ரம்பமும் ஒருநாள் உட்காரட்டும். தம்முடைய மெல்லிய புதுத் துண்டைப் பெட்டகத்தின் மூடிமேல் விரித்தார். தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிற கருவிகளை அன்று சோப்புப் போட்டுக் கழுவினார், எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் ஒட்டாது என்பதற்காக. இரண்டு உளி, இரும்பு இழைப்புளி, கைரம்பம் எல்லாவற்றுக்கும் குழைத்த சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்டினார். முதலாளி நோன்பில் இருந்ததால், பொரியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், நோன்பு திறந்தபின் சாப்பிட.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் இன்னொரு கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். ஏசியை அணைத்துவிட்டு எல்லாரும் போனார்கள். கடலோர ஊரின் அக்டோபர் ஈரம் பூட்டிய கிடங்குக்குள் நிறைந்து நின்றது. எண்ணெய் இல்லாத இரும்பு, ஈரச் சந்தனம், ஈரத்தை உறிஞ்சிய துண்டு, அதற்கடியில் ஓக் மரம். ஓக் மரத்தில் ஒரு துவர்ப்பு உண்டு. ஈர இரும்பு பட்டால் அது மை போலக் கறுத்துவிடும். இதைக் கௌஸ் முகம்மதுவுக்கு ஆயிரம்முறை பாடம் எடுத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விஜயதசமியன்று காலையில் கற்பூரம் காட்டி, கருவிகளைக் கண்ணில் ஒற்றி எடுத்து, துண்டை உருவினார் அம்மையப்பன். தேன் நிறமான மூடியின் நடுவில் இரண்டு உளி, ஓர் இழைப்புளி, ஒரு ரம்பம் கறுப்பாகப் படுத்திருந்தன. ரம்பத்தின் பல்லைக்கூட எண்ணிவிடலாம். துண்டால் தேய்த்தார், உள்ளங்கையால் தேய்த்தார். கௌஸ் முகம்மது பக்கத்தில் வந்து பார்த்தார். கேலி செய்ய இதைவிட ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாழ்நாளில் கிடைக்காது. ஆனால் அம்மையப்பனின் முகத்தைப் பார்த்தவர், போய் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து, உட்காருங்கள் பாய் என்று கீழே போட்டார்.

பூஜையில் வைத்த எலுமிச்சையின் ஒரு பாதியை, மூடியின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத ஒரு பழைய கறையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு போனது. கூடவே நிறமும் போனது. விரலில் போட்ட கட்டை அவிழ்த்ததும் தெரியுமே ஒரு வெளுப்பு, அப்படி வெளுத்து நின்றது மரம். மீதி எலுமிச்சையைத் தூக்கி எறிந்துவிட்டார்.

செய்கு முகம்மது வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் வியாபாரி விழித்துக்கொண்டார்.

"உப்புத்தாளப் போட்டு மேல ஒரு இழுப்பு இழு. கௌஸு கலர் பூசிருவாரு. அந்தம்மாவுக்கு என்னா தெரியப்போவுது?"

"அந்தம்மாவுக்குத் தெரியாது மொதலாளி. அந்த ஆளுக்குத் தெரியும்."

"எந்த ஆளு?"

அம்மையப்பன் பெட்டகத்தைக் காட்டினார்.

"யா அல்லா! அவன் மவுத்தாகி முந்நூறு வருஷமாச்சுப்பா!"

"நான் இழைக்க மாட்டேன். நான் செஞ்ச தப்புக்கு அதோட தோல உரிக்கணுமா?"

நோன்பு வைத்த மனிதர் கோபப்படக்கூடாது என்று செய்கு முகம்மது இரண்டுமுறை மூச்சை இழுத்துவிட்டார். "சரி, உன் இஷ்டம். அந்தம்மா இத வேணாம்னு சொல்லிட்டா, சனிக்கெழமலேர்ந்து நீ சைட்டுக்குப் போ. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

அம்மையப்பன் பயந்துபோனார். அவர்மேல் பிரியம் உள்ளவர்கள்கூட அதை மறைத்துச் சொல்வதில்லை. அன்று முழுக்க அவர் எந்த மேஜைக்கும் அடியில் படுக்கவில்லை. வெயில், பலகை, ஆணி, பிடுங்கு, மறுபடி ஆணி. உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு மணி நேர வேலை. இரண்டுமுறை எழுந்துபோய் அதை எடுத்தார், இரண்டுமுறையும் எடுத்த ஆணியிலேயே மாட்டினார்.

வியாழக்கிழமை பிருந்தா வந்தார். அதற்குமுன் முதலாளி ஒரு காரியம் செய்திருந்தார். மூடியின் நடுவில் ஜரிகை வைத்த துணி ஒன்றை விரித்து, மேலே பெரிய பித்தளை அரபிக் காப்பிக் கூஜாவை எடுப்பாக வைத்திருந்தார். கூஜா இலவசம், வீட்டுக்கு எங்கள் அன்பளிப்பு என்றும் சொன்னார். பிருந்தா பெட்டகத்தைச் சுற்றிவந்து, முகப்பு வேலைப்பாட்டைத் தடவி, "அப்படியே அனுப்பிருங்க. இந்தத் துணியோட வைச்சாலே அழகா இருக்கு" என்றார். முதலாளியின் முகம் பிறை கண்டதுபோல மலர்ந்தது.

அம்மையப்பன் முன்னால் வந்து கூஜாவைத் தூக்கிக் கீழே வைத்தார். துணியை உருவினார். மேலே தொங்கிய விளக்கை இழுத்துத் தாழ்த்தி, கறை இன்னும் தெளிவாகத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார்.

"பாத்துருங்கம்மா. போன வாரம் இது இல்ல. இப்ப இருக்கு."

பிருந்தா குனிந்து பார்த்தார். "இது என்ன... ரம்பமா?"

நடந்ததை அம்மையப்பன் சொன்னார். சுருக்கமாகச் சொல்ல அவருக்கு வராது. சோப்பு, சந்தனம், துண்டு, அணைத்த ஏசி எல்லாவற்றையும் சொன்னார்.

"போகாதாண்ணா?"

"இழைச்சாப் போகும்மா. கூடவே எல்லாம் போயிரும். அப்புறம் நீங்க எடுத்துட்டுப் போறது வெறும் பலக."

பிருந்தாவின் விரல் முகப்புக்கு நகர்ந்தது. அங்கே பழைய இரும்புப் பூட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் படர்ந்திருந்தது. "இதுவும் அதே மாதிரிதானே இருக்கு? இதைத்தான் அன்னைக்கு அழகுன்னு காட்டினீங்க."

தப்பிக்க வழி திறந்துவிட்டதென்று கௌஸ் முகம்மது கண்ணால் ஜாடை காட்டினார். அம்மையப்பன் தலையாட்டி மறுத்தார்.

"அதுவும் இரும்பும் ஈரமுந்தாம்மா. ஆனா அதையும் இதையும் ஒண்ணாச் சேக்க முடியாது. அந்த ஆளு பூட்டுப் போட்டே ஆகணும், அவனுக்கு வேற வழி இல்ல. எனக்கு வழி இருந்துச்சு. பெஞ்சு இருந்துச்சு, தரை இருந்துச்சு. என் உளி இது மேலதான் உக்காரணும்னு எனக்குத் திமிரு."

முதலாளி மேற்கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். பிருந்தா கறையையும் பார்த்தார், கீழே இறக்கி வைத்த கூஜாவையும் பார்த்தார்.

"துணியோட வீட்டுக்கு வந்து, நானா எடுத்துப் பாத்திருந்தா, கண்டிப்பா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார் கடைசியில். "இதையே அனுப்புங்க சார். கூஜா வேண்டாம். ஆனா இவர்தான் கூட வரணும். எங்க வைக்கணும்னு இவர்தான் சொல்லணும்."

அவர் போனபின் செய்கு முகம்மது நாற்காலியில் சாய்ந்து, "நீ என்னய ஒருநாளைக்குக் கொன்னுட்டுத்தான் ஓய்வே" என்றார். சைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் சனிக்கிழமை காலையில் அம்மையப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று சைட் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றார். முதலாளி மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாப்பா வேஷம்? உள்ள புதுசா மேஜ வந்து கெடக்கு. போய்ப் படு."

பெருநாள் கழிந்து பெட்டகம் பர்துபாய்க்குப் போனது. அம்மையப்பன் தேய்த்த சட்டையில், கௌஸ் முகம்மது துணைக்கு. ஏசி காற்று நேராகப் படும் மூலை கூடாது, வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது என்று அந்தக் கூடத்தையே அளந்துவிட்டார். கடைசியில் உள்சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, பளிங்குத் தரையில் வழக்கம்போலப் படுத்து அடியில் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். பிருந்தாவின் மாமியார் ஜெயலட்சுமி, "பாவம், வேர்த்துக் கொட்டறது" என்றபடி காப்பி கொண்டுவந்தார். நுரை ததும்ப, ஆவி பறக்க இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். கௌஸ் முகம்மது பாய்ந்து தம்முடையதைக் கையில் வாங்கிக்கொண்டார். மற்றதை வைக்க, அந்த அம்மாளுக்குக் கைக்கருகே இருந்தது புதிதாய் வந்த பெட்டிதான். பிருந்தா "அத்தே!" என்று கூவுவதற்குள் டம்ளர் இறங்கிவிட்டது.

சத்தமே வரவில்லை. டம்ளருக்கும் மூடிக்கும் நடுவில் அம்மையப்பனின் உள்ளங்கை விரிந்திருந்தது.